ஆறாவது மோட்டார்

அவருக்குப் பேச வராது. ஊமை என்று நினைத்துவிட வேண்டாம். மனசுக்குள் அவர் பெரிய பேச்சாளர். டீசல் ரயில் இஞ்சினின் வயிற்றுக்குக் கீழே, தண்டவாளத்துக்கு நடுவில் வெட்டிய குழிக்குள் நின்றுகொண்டு, எண்ணெய்ப் பிசுக்கு வழியும் மோட்டார்களைப் பார்த்து அவர் மனசுக்குள் ஆற்றுகிற உரைகளில் நியாயம் இருக்கும், நையாண்டி இருக்கும், கடைசியில் எதிராளி கண்கலங்கி மன்னிப்புக் கேட்கிற கட்டமும் இருக்கும். குழியின் படியேறி வெளிச்சத்துக்கு வருவதற்குள் பாதி உரை முதல் படியிலும் மீதி அடுத்த படியிலும் கழன்று விழுந்துவிடும். மேலே வந்து நிற்பது ஒரு "ம்" மட்டும்.

இந்த "ம்"மை வைத்துக்கொண்டே கல்யாணம் செய்து, குடித்தனம் நடத்தி, தலையும் நரைக்கத் தொடங்கிவிட்டது என்பதில் அவருக்கே ஆச்சரியம் உண்டு. எப்படி முடிந்தது என்று யோசித்தால் விடை ஒன்றுதான்: மச்சினன். மனைவியின் தம்பி. அதே இஞ்சின் ஷெட்டில் எலெக்ட்ரீஷியன். இவர் கீழ்வீட்டில் குடியிருந்தால் அவன் மாடிவீட்டில். இவர் பேச வேண்டியதையெல்லாம் அவன்தான் பேசினான். வாடகை ஏற்ற வந்த வீட்டுக்காரரிடம் பேசியது அவன். டாக்டரிடம், "மாமாவுக்கு முதுகுல இடது பக்கம் பிடிச்சிருக்கு, அவர் வலதுன்னு சொன்னா நம்பாதீங்க" என்று சொன்னது அவன். முடிவெட்டும் கடையில், "காதுக்குப் பின்னால இன்னும் கொஞ்சம் கொறைங்க" என்று சொல்வதுகூட அவன்தான். இவர் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு, ஏதோ வேறொருவருக்கு நடக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அப்பேர்ப்பட்ட மச்சினனோடு மழைக்காலத்துக்கு முன்னால் பேச்சு நின்றது. மழை வந்து, பெய்து, ஓய்ந்தும் போனது. பேச்சு வரவில்லை.

காரணத்தைக் கேட்டால் வெட்கக்கேடு. ஒரு மின்விசிறி.

மாடிவீட்டுக்குப் புது ஃபேன் வாங்கி வந்தபோது, "நான் மாட்டறேன்" என்று இவர் வலியப் போனார். வாழ்நாளில் இவர் யாரும் கேட்காமல் சொன்ன முழு வாக்கியங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று. கண்டென்சரின் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் கம்பீரமாகத்தான் சுற்றியது. காற்று மட்டும் கீழே வரவில்லை. மேலே போய்க் கூரையில் மோதி, பழைய ஒட்டடையைக் கிளப்பி, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த எல்லார் கண்ணிலும் கொட்டியது.

மச்சினன் அங்கே சிரித்ததோடு விட்டிருக்கலாம். அவன் பேச்சுக்காரன் ஆயிற்றே. மறுநாள் கேன்டீனில் எடுத்துவிட்டான்: "ரயிலையே இழுக்கற மோட்டாருக்கு வயர் கொடுக்கற மனுஷன், எங்க வீட்டு ஃபேனுக்கும் கொடுத்தாரு. இப்ப எங்க வீட்டுல பல்லிக்கு மட்டும் ஜில்லுன்னு இருக்கு." கேன்டீன் சிரித்து ஓய்ந்தபோது இவருக்கு ஒரு பட்டப்பெயர் வந்திருந்தது. ரிவர்ஸ். நேற்றுச் சேர்ந்தவன்கூட, "ரிவர்ஸ் அண்ணன் எங்க?" என்று கேட்கிற அளவுக்கு அது நிலைத்துவிட்டது.

அன்றைக்கு இவர் பதில் சொல்லவில்லை. அருமையான பதில் ஒன்று சாயங்காலம் குழிக்குள் வந்தது. அதைக் கேட்க ஆள் இல்லை. மறுநாள் மச்சினன் பேச வந்தபோது இவர் தம்மிடமிருந்த ஒரே ஆயுதத்தைப் பயன்படுத்தினார்: அந்த "ம்"மையும் நிறுத்திவிட்டார். இரண்டு மூன்று முறை வந்து பார்த்தவனுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவனும் நிறுத்தினான்.

கோபம் ஒரு வாரத்திலேயே தீர்ந்துபோனது என்பதுதான் இதில் கேவலமான விஷயம். அதற்கப்புறம் இருந்தது கோபமே இல்லை. ஏறத் தெரிந்து இறங்கத் தெரியாதவனின் வீராப்பு. தினமும் காலையில் சட்டை போடுவதுபோல அதையும் எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். அளவு சரியில்லை, கழுத்தை இறுக்கியது, ஆனாலும் பழகிவிட்டது.

வீட்டில் நடுவில் மாட்டிக்கொண்டவள் மனைவி. மச்சினன் கீழே இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்று, "அக்கா, தண்ணி மோட்டாரை நான் நிறுத்திட்டேன்னு மாமாகிட்ட சொல்லு" என்பான். மாமா கைநீட்டித் தொடுகிற தூரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். "தெரியும்னு சொல்லு" என்பார் பேப்பருக்குள்ளிருந்து.

"தெரியுமாம்டா. காதுல விழுந்துச்சா, இல்ல நான் ஒருக்கா பாடிக் காட்டட்டுமா?" என்பாள் அவள்.

ஒருநாள் அவள் பாடிக் காட்டவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "தம்பி மாத்தல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கான். வேற ஷெட்டுக்கு. ரொம்பத் தூரமாம்."

இவர் பேப்பரை இறக்கினார்.

"எனக்கு இந்த ஊர்ல அவன் ஒருத்தன்தான். உங்களுக்கும் அவன் ஒருத்தன்தான், அது உங்களுக்கே தெரியும். போகாதன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிப்பான்."

"ம்."

"இந்த ம்ம வச்சு நான் என்ன பண்றது? கரைச்சுக் குடிக்கவா?"

அன்றிலிருந்து குழிக்குள் உரைகள் மாறின. இப்போது எதிராளி மன்னிப்புக் கேட்பதில்லை. இவர்தான் கேட்டார், விதவிதமாக. நட்பைப் பற்றி, நீரடித்து நீர் விலகாது என்பதைப் பற்றி, ஒரே கூரைக்கு மேலும் கீழும் வாழும் இரண்டு மௌனங்களைப் பற்றியெல்லாம் சொல்லிப் பார்த்தார். தம் சொல்நயத்தில் தாமே உருகி, போல்ட்டை ஒருமுறை தவறான பக்கம் முறுக்கினார். "போகாதே" என்ற சொல் மட்டும் அந்த உரைகளில் எங்கேயும் நேராக வரவில்லை. அதைச் சுற்றித்தான் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த விண்ணப்பம் ஷெட் ஃபோர்மேன் மேஜையில், காகிதம் பறக்காமல் வைக்கிற கண்ணாடி எடைக்கு அடியில் கிடந்தது. தலைமை அலுவலகத்துக்குத் தபால் போகிற நாளில் அதுவும் போய்விடும். அந்த நாள் பார்த்துத்தான் இருவருக்கும் ஒரே இஞ்சினில் வேலை விழுந்தது. ஆறாவது மோட்டாரைக் கழற்றி வேறு மோட்டார் போட்டிருந்தார்கள். வயர் இணைக்க வேண்டும்.

டீசல் இஞ்சின் என்றால் டீசல்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது என்று ஊர் நினைக்கிறது. டீசல் சுழற்றுவது ஒரு ஜெனரேட்டரை. அதில் பிறக்கிற கரண்ட், கைக்குழந்தையின் மணிக்கட்டுப் பருமன் கேபிள்களில் கீழே இறங்கி, அச்சுக்கு ஒன்றாகத் தொங்குகிற ஆறு மோட்டார்களுக்குப் போகிறது. சக்கரத்தைத் திருப்புவது அவைதாம். ஒவ்வொரு மோட்டாருக்கும் நாலு கேபிள். உள்ளே சுழல்கிற உருளைக்கு இரண்டு, அதைச் சுற்றி அசையாமல் நிற்கிற காந்தச் சுருளுக்கு இரண்டு. காந்தச் சுருளின் இரண்டு கேபிள்களை மட்டும் இடம் மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும்.

ஆறும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் வம்பில்லை. கீழே இடம் போதாது. அதனால் மூன்றாவதும் ஆறாவதும், பஸ்ஸில் எதிர் சீட்டு கிடைத்தவரைப்போல, மற்றவற்றுக்கு முகம் திருப்பி உட்கார்ந்திருக்கும். அவை இரண்டுக்கும் கேபிளை மாற்றிக் கொடுத்தால்தான் எல்லாச் சக்கரமும் ஒரே திசையில் உருளும். அந்த மாற்றத்தைக் குழியில் நிற்பவர் செய்வது ஷெட் வழக்கம். செய்து முடித்ததும், "ஆறு மாத்தியாச்சு" என்று கத்த வேண்டும். இஞ்சினுக்குள் கன்ட்ரோல் அலமாரியில், அதே கேபிள்களின் மேல்முனையில் வேலை செய்பவன், "ஆறு மாத்தியாச்சு, சரி" என்று திருப்பிக் கத்துவான். சீட்டு கிடையாது, எழுத்து கிடையாது. தொண்டைதான் கையெழுத்து.

பேச்சு நின்ற நாளிலிருந்து அந்தக் கையெழுத்தைப் போட்டது கிரேன் ஓட்டும் அக்கா. கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேனின் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பாள். அங்கிருந்து பார்த்தால் இருவரும் தெரிவார்கள். இவர் குழியிலிருந்து வெளியே வந்து, ஆறு விரல் காட்டி, இரண்டு மணிக்கட்டையும் பெருக்கல் குறி போல வைத்துக் காட்டுவார். அக்கா கூண்டிலிருந்து கூவுவாள்: "மேல இருக்கறவரே, கீழ இருக்கறவர் ஆறாவத மாத்திட்டாராம். ரெண்டு பேரும் இப்படியே இருங்க, எனக்குச் சம்பளத்தைக் கூட்டித் தரச் சொல்லுங்க."

அன்றைக்கு இவர் ஆறாவது மோட்டாரின் கேபிள்களை முறைப்படி மாற்றி, போல்ட்டை முறுக்கி, ரப்பர் பட்டையைச் சுற்றிக் கட்டிவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், கூண்டு இல்லை. அக்கா அடுத்த பகுதியில் சக்கரம் தூக்கப் போய்விட்டாள்.

கத்தியிருக்க வேண்டும். வாயைத் திறந்துகூட விட்டார். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. இத்தனை நாள் கழித்துப் பேசுகிற முதல் வார்த்தை "ஆறு" என்று இருந்தால் நன்றாகவா இருக்கும்? ஒரு சமாதானம் எண்ணில் தொடங்கலாமா? அதற்கென்று ஒரு கௌரவம் வேண்டாமா? திறந்த வாயை மூடிக்கொண்டார். ஸ்பேனரை எடுத்து இஞ்சினின் அடிச்சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். புரிந்துகொள்வான் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு கை கழுவப் போனார்.

மத்தியானம் சோதனை. மற்ற ஐந்து மோட்டார்களுக்கும் கரண்ட் போகாமல் தடுத்துவிட்டு, புதிதாக இணைத்த ஆறாவதை மட்டும் இயக்கிப் பார்ப்பார்கள். டிரைவர் லீவரை முன்பக்கம் தள்ளினார். இஞ்சின் ஒருமுறை பெருமூச்சு விட்டு, மெல்ல, மிகவும் பணிவாக, பின்னால் நகர்ந்தது.

பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த ஃபோர்மேன் டம்ளரை அங்கேயே போட்டுவிட்டு ஒதுங்கினார். டிரைவர் பிரேக்கைப் பிடித்தார். யாரோ ஒருவன், "ரிவர்ஸ் அண்ணன் கைங்கர்யம்" என்றான். சிரிப்பு எழுந்தது.

"போய்ச் சரி பண்ணுங்க" என்றார் ஃபோர்மேன், சட்டையில் சிந்திய டீயைத் தட்டிவிட்டுக்கொண்டே. "இன்னொரு தடவை பாக்கறேன்."

குழிக்குள் இறங்கியவர் ரப்பர் பட்டையைப் பிரித்துப் பார்த்தார். மாற்றித்தான் கொடுத்திருந்தார். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ஃபேனுக்குக்கூடச் சரியாகத்தானே கொடுத்தோம் என்று அன்றைக்கு நினைத்தார்? குழியில் நின்று அண்ணாந்து வேலை செய்தால் இடது வலது குழம்பும். டாக்டரிடமே குழம்பியவர் அவர். தம் கண்ணையும் இஞ்சினையும் எதிரெதிர்த் தட்டில் வைத்தால், தம்மை நம்பாமல் இருப்பதுதான் அனுபவத்துக்கு ஒத்துவரும் என்று தீர்மானித்து, கேபிள்களைக் கழற்றி நேராக்கினார். மாற்றம் போனது. மறுபடியும் பட்டையைக் கட்டினார்.

இரண்டாவது சோதனை. டிரைவர் இந்த முறை லீவரைத் தொடும் முன்பே திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டார். முன்பக்கம் தள்ளினார். இஞ்சின் பின்னால் போனது.

சிரிப்புச் சத்தம் கூரைத் தகட்டில் மோதித் திரும்பியது. ஃபோர்மேன் மட்டும் சிரிக்கவில்லை. இவரையும், இஞ்சின் கதவில் நின்றிருந்த மச்சினனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு மோட்டார் ரெண்டு பக்கமாத்தான் சுத்த முடியும். ஒரு பக்கம் தப்புன்னா, திருப்பினா சரியாகணும். திருப்பினதுக்கப்புறமும் தப்பாவே இருக்குன்னா எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தோணுது. யோவ், ரெண்டு பேரும் ஒரு குடும்பம்தானே? எதுக்குய்யா என் இஞ்சின்ல வந்து சண்டை போடறீங்க?" மச்சினனைக் காட்டினார். "உன் பேப்பர் என் மேஜைல இருக்கு. தபால் பை கட்டற வரைக்கும் டைம். இஞ்சின் முன்னால போகலைன்னா நீ போயிடு. ஒருத்தனாவது முன்னால போவான்."

அவர் போய்விட்டார். இவர் குழிக்குள் இறங்கினார். பின்னால் காலடிச் சத்தம். மச்சினனும் இறங்கி வந்தான். மோட்டாரின் இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவன். மேலே இஞ்சினிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் இருவருக்கும் நடுவில் விழுந்துகொண்டிருந்தது.

இதுதான் அந்தத் தருணம் என்று இவருக்குத் தெரிந்தது. இத்தனை நாள் அடுக்கிவைத்த உரைகளில் மிகச் சிறந்ததைத் தேடினார். நட்பு, நீர், மௌனம், ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. வாயிலிருந்து வந்தது இது:

"மேல நீ கை வச்சியா?"

போலீஸ்காரன் கேட்கிற கேள்வி. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வச்சேன்" என்றான் அவன்.

"எதுக்கு?"

"நீங்க கத்தல."

"தட்டினேனே."

"தட்டினீங்களா? நாள் பூரா எதையாவது தட்டிக்கிட்டுத்தான் இருக்கீங்க மாமா. எந்தத் தட்டு மாத்தின தட்டுன்னு நான் என்ன கனவா கண்டேன்?" அவன் கழுத்துத் துணியால் முகத்தைத் துடைத்தான். "மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். டெஸ்ட்ல தெரிஞ்சா உங்களத்தான் எல்லாரும் சிரிப்பாங்க. அந்தப் பேரை வச்சதே நான். இன்னொரு தடவை என்னால உங்களப் பாத்து யாரும் சிரிக்க வேணாம்னுதான் மேல் முனையில சத்தமில்லாம மாத்தி வச்சேன்."

கீழே ஒரு மாற்றம். மேலே ஒரு மாற்றம். இரண்டு மாற்றம் சேர்ந்தால் ஒன்றும் மாறாது. இவருக்கு இப்போது புரிந்தது.

"அப்ப ரெண்டாவது தடவை?"

"இஞ்சின் பின்னால போனதும், நீங்க மாத்தியிருக்கீங்கன்னு தெரிஞ்சுது. நான் பண்ணினத நான் எடுத்துட்டேன்." இவர் பக்கம் திரும்பினான். "நீங்க எதுக்குக் கழட்டினீங்க? உங்களுது சரியாத்தானே இருந்துச்சு?"

"எனக்கு என் மேல சந்தேகம்."

"ஃபேனுக்கு அப்புறமா?"

"அதுக்கு முன்னாடியே உண்டு."

மச்சினனின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பா வேறெதுவா என்று அந்த இருட்டில் தெரியவில்லை. குனிந்து ரப்பர் பட்டையைப் பிரிக்கத் தொடங்கினான். இவரும் மறுபக்கம் பிரித்தார். விரல்கள் மோதிக்கொண்டன.

"போகாத" என்றார்.

"எங்க?"

"அந்த ஷெட்டுக்கு."

அவன் கை நின்றது. "இத்தனை நாளா இதைத்தான் வாயில வச்சிருந்தீங்களா மாமா?"

"இல்லடா. இதைவிட ரொம்பப் பெருசா வச்சிருந்தேன். வர்ற வழியில எங்கயோ விழுந்துருச்சு."

அவன் ஸ்பேனரை எடுத்தான். "அந்தக் கேபிளைப் பிடிங்க" என்றான். இவர் பிடித்தார். அவன் போல்ட்டை முறுக்கினான். காந்தச் சுருளின் இரண்டு கேபிளும் இடம் மாறின, கீழே மட்டும். எதற்கும் இருக்கட்டும் என்று இருவரும் ஒன்றாக மேலே ஏறிப் போய், அலமாரியில் மேல்முனை நேராக இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் வாய்விட்டுச் சொல்லவைத்தார்.

டிரைவர் லீவரைத் தள்ளினார். இஞ்சின் முன்னால் போனது. யாரும் கைதட்டவில்லை. முன்னால் போகிற இஞ்சினில் பார்க்க என்ன இருக்கிறது?

மச்சினன் ஃபோர்மேன் அறைக்குள் போவதை இவர் வெளியிலிருந்து பார்த்தார். கண்ணாடிக் கதவு. இஞ்சின் சத்தத்தில் உள்ளே பேசுவது கேட்கவில்லை. ஃபோர்மேன் கையை விரித்தார், தலையிலடித்துக்கொண்டார், கண்ணாடி எடையைத் தூக்கினார். மச்சினன் பேசிக்கொண்டே இருந்தான். என்ன பேசுகிறான், எவ்வளவு பேசுகிறான்! தமக்காக இத்தனை வருஷம் இப்படித்தான் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் பேசியிருப்பான் என்று இவருக்குத் தோன்றியது. ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. அப்போதெல்லாம் வெளியே நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"என்ன சொன்னாரு?"

"திட்டினாரு. இந்த வருஷம் வேணாம்னு வாங்கிட்டேன். அடுத்த வருஷம் கேக்கலாம்னு இருக்கேன் மாமா. அங்க கொஞ்சம் பெரிய வேலை."

முழுசாக ஜெயித்துவிட்டதாக அல்லவா கண்ணாடிக்கு வெளியே நின்று நினைத்துக்கொண்டிருந்தார். "ம்" என்று சொல்ல வாயெடுத்தவர், மாற்றி, "கேளு. கேக்கறதுக்கு முன்னாடி என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லு" என்றார். தமக்கு இவ்வளவு நீள வாக்கியம் வந்ததில் அவருக்கே கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"சொல்றேன்."

சாயங்காலம் இருவரும் ஒன்றாக வீட்டு வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து, மனைவி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். தம்பி முகத்தைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே கரி.

"பேசிட்டீங்களா?"

"பேசிட்டோம்."

"யாரு மொதல்ல?"

தம்பி மாமாவைப் பார்த்தான். மாமாவுக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. போலீஸ்காரன் கேள்வி நினைவுக்கு வந்தது.

"ஃபோர்மேன்" என்றார்.

அவள் சிரிக்காமல் இருக்க முயன்று தோற்றாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள், வெங்காயம் நறுக்காமலேயே. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "மாடில தண்ணிக் குழாய் காலையிலேர்ந்து ஒழுகுது. போய்ப் பாருங்க" என்றாள். இருவரும் ஒரே நேரத்தில் மாடிப்படியை நோக்கித் திரும்பினார்கள்.

"ஒருத்தர் போதும்" என்றாள்.

இவர் நின்றார். மச்சினன் நான்கு படி ஏறித் திரும்பிப் பார்த்து, "வாங்க மாமா, டார்ச் பிடிக்க ஆள் வேணும்" என்றான். இவர் மனைவியை ஒரு தரம் பார்த்துவிட்டு, அனுமதி கிடைத்த மாதிரியும் கிடைக்காத மாதிரியும், டார்ச்சை எடுத்துக்கொண்டு படியேறினார்.